பகல் நிலவின் பின்னே ஒரு கோள்

(திருகோணமலையில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2023 மார்ச் 24, வெள்ளிக்கிழமை. நோன்பு தொடங்கிய வாரம். கிண்ணியாவிலும் மூதூரிலும் நோன்புக் கஞ்சி அடுப்பில் இருந்த பின்னேரம். மேற்கே இறங்கும் சூரியனுக்கு மேலே, அமாவாசை கழிந்து மூன்று நாள்கூட நிறையாத பிறை நின்றது. அதன் பக்கத்தில் வெள்ளிக் கோள். பொழுது படுவதற்கு இன்னும் நேரம் இருக்கையிலேயே அந்தப் பிறை வெள்ளியை மூடிவிட்டது. பிறகு மறுபக்கமாக வெளியே விட்டது. இந்து சமுத்திரத்தின் மேலாகச் சென்று தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் பக்கம் வரை நீண்ட ஒரு பட்டையில் உள்ளவர்களுக்கு மட்டுமே அந்த மறைப்பு கிடைத்தது. இலங்கை அந்தப் பட்டைக்குள் இருந்தது. திருகோணமலையும் இருந்தது.

இருட்டிய பிறகு பிறைக்குக் கீழே வெள்ளி தொங்கிய காட்சியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பியும் இருப்பீர்கள். அழகான காட்சிதான். ஆனால் அது நடந்து முடிந்த ஒரு நிகழ்ச்சியின் மிச்சம். உண்மையான நிகழ்ச்சி வெயிலிலே நடந்தது, மிகச் சிலரே பார்த்தார்கள். வானம் பார்ப்பது இரவின் வேலை என்று நாம் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தை இன்று கொஞ்சம் அசைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

முதலில் நடப்பது என்ன என்று பார்ப்போம். நிலவு கிழக்கே உதித்து மேற்கே மறைகிறது. அது பூமி சுழல்வதால் வரும் தோற்றம். நிலவின் சொந்த ஓட்டம் அதற்கு எதிர்த்திசையில், மேற்கிலிருந்து கிழக்கே. நாளொன்றுக்கு ஏறத்தாழ 13 பாகை நகர்கிறது. மணிக்கணக்கில் சொன்னால், ஒரு மணி நேரத்தில் தன் அகலத்தின் அளவு. இன்று மாலை நிலவுக்கு அருகில் ஒரு நட்சத்திரம் தென்பட்டால் அதைக் குறித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். நிலவு அந்த நட்சத்திரத்தை நோக்கியோ அதை விட்டு விலகியோ கிழக்கே போயிருப்பது தெரியும். கோள்கள் எல்லாம் சூரியன் செல்லும் வீதியை ஒட்டியே திரிகின்றன. நிலவின் பாதை அந்த வீதிக்கு ஐந்து பாகை சாய்ந்தது. அதனால் மாதந்தோறும் நிலவு ஒவ்வொரு கோளையும் கடந்தாலும், பெரும்பாலும் மேலாகவோ கீழாகவோ விலகிப் போய்விடுகிறது. எப்போதாவது நேருக்கு நேர் வருகிறது. அப்போது மறைப்பு.

வளர்பிறையில் நிலவின் ஒளிர்ந்த பக்கம் மேற்கே சூரியனை நோக்கி இருக்கும். முன்னேறிச் செல்லும் கிழக்குப் பக்கம் இருண்டது. ஆகவே கோள் மறைவது இருண்ட விளிம்பில், வெளிவருவது ஒளிர்ந்த விளிம்பில். தேய்பிறையில் இது தலைகீழ். இரவிலே பிறையின் இருண்ட பகுதி சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும். பூமியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் அது. பகலில் அந்தச் சாம்பல் வட்டமும் இல்லை. பிறையின் வெள்ளைக் கீற்று மட்டும் இருக்கிறது, மற்ற இடமெல்லாம் வெறும் நீலம். வெள்ளிக் கோள் அந்தக் கீற்றிலிருந்து நன்றாக விலகி, ஒன்றுமே இல்லாதது போன்ற நீலத்தின் நடுவில் நிற்கிறது. அங்கேயே தேயத் தொடங்குகிறது. அங்கேயே இல்லாமற் போகிறது.

இந்த இடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் பகல் மறைப்பின் தனிச்சிறப்பே இதுதான். நிலவின் இருண்ட பகுதி ஏன் கறுப்பாக இல்லாமல் நீலமாக இருக்கிறது? நிலவின் பின்னால் நீல வானம் இருப்பதாகவும், நிலவு அதன்மேல் ஒட்டியிருப்பதாகவும் கண்ணுக்குத் தோன்றுகிறது. உண்மை வேறு. நீலம் நமக்கு முன்னால் இருக்கிறது. நம் தலைக்கு மேல் சில பத்துக் கிலோமீற்றர் உயரத்துக்குள் இருக்கும் காற்று வெயிலைச் சிதறடித்து ஒளிர்கிறது. அந்த ஒளிர்வின் ஊடாகத்தான் நிலவைப் பார்க்கிறோம். நிலவின் இருளும் அதற்கு அப்பால் இருக்கும் விண்ணின் இருளும் ஒரே நீலத் திரைக்குப் பின்னே இருப்பதால் இரண்டும் ஒரே நிறமாகத் தெரிகின்றன. அந்தத் திரையைத் துளைத்துக்கொண்டு வரும் அளவுக்குப் பிறைக்கும் வெள்ளிக்கும் ஒளி இருக்கிறது. வெள்ளி மறையும் அந்த நேரத்தில், எதுவும் இல்லை என்று கண் சொன்ன இடத்தில் 3,400 கிலோமீற்றருக்கு மேல் அகலமான ஒரு கற்பாறை உருண்டை இருக்கிறது என்று தெரிய வருகிறது. பாடப் புத்தகம் பக்கம் பக்கமாகச் சொல்லியும் மனதில் ஏறாத ஒன்றை, அந்த மறைவு கண்முன்னே காட்டிவிடுகிறது.

மறைய எவ்வளவு நேரம்? நட்சத்திரம் என்றால் சட்டென்று போய்விடும். அது அவ்வளவு தொலைவில் வெறும் புள்ளி; நிலவுக்குக் காற்றுமண்டலமும் இல்லை, மங்குவதற்கு இடமே இல்லை. கோளுக்கு அகலம் உண்டு. 2023இல் வெள்ளி முழுதாக மறைய ஏறத்தாழ அரை நிமிடம். வியாழன் என்றால் ஒரு நிமிடத்துக்கும் மேல். தொலைநோக்கியில் பார்த்தால், வெள்ளியின் சிறு முகத்தை நிலவின் விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக அரித்துச் செல்வது தெரியும்.

அன்றைக்கு வெள்ளி நம்மிடமிருந்து ஏறத்தாழ 18 கோடி கிலோமீற்றர் தூரத்தில் இருந்தது. நிலவு நான்கு இலட்சத்துக்கும் குறைவு. வெள்ளியிலிருந்து புறப்பட்ட ஒளி நம்மிடம் வந்து சேரப் பத்து நிமிடம் வேண்டும். பத்து நிமிடம் தடையில்லாமல் ஓடி வந்த ஒளி, கடைசி ஒன்றேகால் வினாடிப் பயணம் மிச்சம் இருக்கையில் நிலவின் விளிம்பில் தடுக்கப்பட்டது. ஒன்றுக்கு முன் ஒன்று, அதற்கு முன் இன்னொன்று என்று வானத்துக்கும் ஆழம் இருக்கிறது. அதை நம் கண்ணாலேயே அறிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இதை முதன்முதலில் ஒரு வாதமாக எழுதி வைத்தவர்களில் ஒருவர் அரிஸ்டோட்டில். அரைநிலவு செவ்வாயை நெருங்கியதையும், செவ்வாய் நிலவின் இருண்ட பக்கத்தில் மறைந்து ஒளிர்ந்த பக்கத்தில் வெளிவந்ததையும் தாம் பார்த்ததாக, வானத்தைப் பற்றிய தம் நூலில் குறித்திருக்கிறார். எகிப்தியரும் பாபிலோனியரும் இப்படிப் பல காலம் பார்த்துக் குறித்து வந்ததையும் சேர்த்துச் சொல்கிறார். பின்வந்த வானியலாளர்கள் கணக்கிட்டு, அவர் கண்ட மறைப்பு கி.மு. 357இல் நடந்தது என்று முடிவு செய்தார்கள். எது எதை மறைக்கிறதோ அது நமக்குக் கிட்ட இருக்கிறது. எது மறைகிறதோ அது அப்பால் இருக்கிறது. தொலைநோக்கி இல்லாத காலத்தில் வானத்தின் வரிசையை அறிய இந்தக் காட்சி உதவியது.

நம் பக்கத்திலும் இந்தக் கண் இருந்தது. நிலவும் உரோகிணியும் சேரும் நாளில் திருமணம் நடத்தியதை அகநானூற்றுப் பாடல்கள் சொல்கின்றன. கண்ணகியின் திருமணமும் அத்தகைய நாளில்தான் நடந்தது என்கிறது சிலப்பதிகாரம். உரோகிணி சிவந்த ஒளியுடைய நட்சத்திரம். நிலவு அதை நெருங்குவது மட்டுமல்ல, சில ஆண்டுகளில் மாதந்தோறும் அதை மூடிக்கொண்டே போகும். 2015 தொடக்கம் முதல் 2018 வரை அப்படி ஒரு தொடர் நடந்தது. நிலவின் பாதை பதினெட்டரை ஆண்டுக்கு ஒருமுறை அதே சாய்வுக்குத் திரும்புவதால், அடுத்த தொடர் 2033இல் தொடங்கும். சந்திரன் இருபத்தேழு மனைவியரில் உரோகிணியிடமே அதிகம் தங்கினான் என்ற கதையின் அடியில், வானத்தை நெடுங்காலம் பார்த்த யாரோ ஒருவரின் அனுபவம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். சூரிய சித்தாந்தத்தில் ஒரு முழு அதிகாரமே கோள்கள் ஒன்றையொன்று நெருங்குவதைக் கணிப்பதற்காக இருக்கிறது. நிலவோடு ஒரு கோள் கூடுவதை அந்நூல் சமாகமம் என்கிறது.

இனி நம் துறைமுகத்துக்கு வருகிறேன். 1795இல் ஆங்கிலேயர் கைக்கு வந்து 1957 வரை அவர்களுடைய கடற்படைத் தளமாக இருந்த துறை இது. அந்தக் காலக் கப்பலோட்டிகளுக்கு மிகப் பெரிய தலைவலி நெடுங்கோடு. வடக்கு தெற்காக எங்கே இருக்கிறோம் என்பதைச் சூரியனின் உச்சி உயரம் சொல்லிவிடும். கிழக்கு மேற்காக எங்கே என்று அறிய, கிரீன்விச்சில் இப்போது என்ன நேரம் என்று தெரிய வேண்டும். அதற்கு அவர்கள் நம்பியது நிலவை. நட்சத்திரங்களின் நடுவே நிலவு இருக்கும் இடத்தை அளந்து, 1767 முதல் ஆண்டுதோறும் வெளிவந்த கடற்பஞ்சாங்கத்தில் ஒப்பிட்டால் கிரீன்விச் நேரம் கிடைக்கும். ஆனால் நிலவின் இடத்தை அளப்பதில் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, அதாவது ஒரு கலை, பிழைத்தாலும், கப்பல் இருக்கும் இடம் முப்பது கடல் மைல் அளவுக்குத் தவறிவிடும். இரவிலே பாறை நிறைந்த கரையை நெருங்கும் மாலுமிக்கு முப்பது மைல் என்பது உயிர்.

மறைப்பு அந்தப் பிழையைப் போக்கியது. நிலவின் விளிம்பு நட்சத்திரத்தைத் தொடும் கணத்தில் அளப்பதற்கு ஒன்றுமில்லை. மறைந்த வினாடியைக் குறித்தால் போதும். ஆகவே கரையில் நிலையாக நின்று நிலப்படம் வரைந்தவர்கள் மறைப்புக்காகக் காத்திருந்தார்கள். திருகோணமலை 81 பாகை 14 கலை கிழக்கில் இருக்கிறது. நேரமாக மாற்றினால் கிரீன்விச்சைவிட ஐந்து மணி இருபத்தைந்து நிமிடம் முந்தியது. நம் கைக்கடிகாரம் ஐந்தரை மணி முந்திக் காட்டுகிறது. ஆண்டு முழுதும் எடுத்துச் சராசரி பார்த்தால், அந்த ஐந்து நிமிட வித்தியாசத்தைப் பிள்ளைகள் தாங்களே வெயிலில் ஒரு தடியை நட்டு நிழலில் காணலாம்.

நிலவு பகலில் செய்யும் மற்றொரு மறைப்புக்கும் இந்த ஊர் சாட்சி. 1871 டிசம்பர் 12ஆம் திகதி காலை முழுச் சூரிய கிரகணம். அதன் பாதை தென்னிந்தியாவைக் கடந்து வட இலங்கைக்கு வந்தது. அதைப் பார்க்க இங்கிலாந்திலிருந்து வந்த குழுவில் ஹென்றி நொட்டிஜ் மோஸ்லி என்ற இளைஞர் இருந்தார்; வயது இருபத்தேழு. அவர் திருகோணமலைப் பகுதியில் நின்று, மறைந்த சூரியனைச் சுற்றித் தெரிந்த ஒளியை நிறமாலைக் கருவியால் ஆராய்ந்தார். டிசம்பர் என்றால் நமக்கு வாடைக் காற்றும் மழையும். அந்தக் காலத்தை நம்பி அவ்வளவு தூரம் கப்பலேறி வந்ததை நினைக்க எனக்கு இப்போதும் வியப்பாக இருக்கிறது. வந்த இடத்தில் அவர் வானத்தை மட்டும் பார்க்கவில்லை. ஈரமண்ணில் வாழும் தட்டைப் புழுக்களையும் சேகரித்துக்கொண்டு போனார். அடுத்த ஆண்டே சலெஞ்சர் கப்பலில் இயற்கை ஆய்வாளராக உலகைச் சுற்றப் புறப்பட்டார். மேலேயும் கீழேயும் ஒரே கவனத்தோடு பார்த்த அந்த மனிதரை நம் பாடசாலைப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

நிலவு மறைப்பதால் என்ன அறியலாம் என்பதற்கு உலகின் மிகப் பெரிய சான்றுகளில் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. ஊட்டிக்கு அருகில் முத்தோரை என்ற ஊரில், மலைச்சரிவில் 530 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் கொண்ட வானொலித் தொலைநோக்கி நிற்கிறது. கோவிந்த் சுவரூப் தலைமையில் கட்டப்பட்டு 1970இல் இயங்கத் தொடங்கியது. ஊட்டியின் அகலக்கோடு ஏறத்தாழ 11 பாகை. அதே அளவு சரிந்த ஒரு மலையைத் தேடிப் பிடித்து, அதன் மேல் கருவியை வடக்கு தெற்காகப் படுக்க வைத்தார்கள். கருவியின் நீண்ட அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. அந்த அச்சில் மெல்லத் திருப்பினால் போதும், நிலவை மணிக்கணக்காகப் பின்தொடரலாம். எதற்காக? நிலவு மறைப்பதைப் பதிவு செய்வதற்காகவே. தொலைவிலுள்ள வானொலி மூலங்களை நிலவு மூடும் கணத்தில் குறிப்பலை எப்படிக் குறைகிறது என்று பார்த்து, அந்த மூலம் எவ்வளவு பெரியது, எங்கே இருக்கிறது என்று கண்டார்கள். வானொலி அலைக்கு வெயில் தடையில்லை. நடுப்பகலிலும் வேலை நடந்தது. அதற்கு முன், 1962இல், அவுஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் இதே முறையால் 3சி 273 என்ற மூலத்தின் இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள். அது நூறு கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் உள்ளது என்று அடுத்த ஆண்டு தெரிந்தபோது, பிரபஞ்சத்தின் அளவைப் பற்றிய எண்ணமே மாறிப்போனது. நிலவின் விளிம்பு அவ்வளவு கூர்மையான கருவி.

நாம் பிறந்ததிலிருந்து இந்தக் கருவி நம் தலைக்கு மேலே இருக்கிறது. ஆனாலும் போர்க்காலத்தில் நம் மாவட்டத்தில் ஒரு தலைமுறை, இரவில் கடற்கரைக்குப் போக முடியாமல் வளர்ந்தது. ஊரடங்கு, காவலரண், தடைசெய்யப்பட்ட கரை. கடற்றொழிலாளருக்கே இரவுக்கடல் மூடியிருந்தது. விடிவெள்ளியைப் பார்த்து வலை இழுக்கப் போன தாத்தாவின் அறிவு, பேரப்பிள்ளைக்கு இறங்காமல் இடையில் நின்றது. இந்த இழப்பைப் பற்றி யாரும் கணக்கெடுக்கவில்லை. எனக்கு இது பெரிய துக்கம். பகல் வானத்தைப் பற்றி இவ்வளவு அக்கறையாகப் பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம். தாய்மார் பிள்ளையை இரவில் அனுப்பத் தயங்கினால் பரவாயில்லை, பாடசாலை விடும் நேரத்திலும் வானம் இருக்கிறது.

பார்க்கும் முறையைச் சொல்கிறேன். முதலாவது, சூரியன். வளர்பிறையில் நிலவும் வெள்ளியும் சூரியனுக்குக் கிழக்கே, பின்னேரத்தில் சூரியனைவிட உயரத்தில் இருக்கும். ஆகவே ஒரு கட்டடத்தின் அல்லது உயர்ந்த மதிலின் கிழக்குப் பக்க நிழலில் நில்லுங்கள். சூரியன் சுவருக்குப் பின்னே முழுதாக மறைந்திருக்க வேண்டும், நிலவு சுவருக்கு மேலே தெரிய வேண்டும். நிழலை விட்டு நகராதீர்கள். பைனாகுலரோடு வானத்தைத் துழாவும்போது ஒரு கணம் சூரியன் உள்ளே வந்தாலும் கண் போய்விடும்; போன பார்வை திரும்பாது. சிறு பிள்ளைகள் பார்க்கையில் ஒரு பெரியவர் கூடவே நிற்க வேண்டும். இதில் நான் எந்தத் தளர்வும் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, கண்ணின் குவிவு. வெறும் நீலத்தைப் பார்க்கும் கண் எதிலும் பதியாமல் கிட்டத்திலேயே நின்றுவிடும். அதனால் வெள்ளி எதிரே இருந்தும் தெரியாது. முதலில் நிலவின் கீற்றைக் கூர்மையாகப் பாருங்கள், பிறகு அதன் அருகே தேடுங்கள். ஒருமுறை அகப்பட்டுவிட்டால், இவ்வளவு தெளிவாக இருப்பதை எப்படி இதுவரை காணாமல் இருந்தோம் என்று இருக்கும். வெள்ளியைப் பகலில் வெறுங்கண்ணாலும் பார்க்க முடியும். வியாழனுக்குப் பைனாகுலர் வேண்டும்.

வானம் ஒத்துழைக்க வேண்டும் என்பது உண்மை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி நமக்கு மேகக் காலம். பங்குனிக்குப் பிறகு, கச்சான் காற்று வீசும் மாதங்களில், பின்னேர மேகம் இருந்தாலும் இந்தக் கரைக்கு நல்ல நீல வானம் நிறையக் கிடைக்கிறது. கொழும்பிலே மழை பெய்யும்போது இங்கே வெயில் அடிக்கும். அது நமக்குக் கிடைத்த வாய்ப்பு.

ஆனால் கொழும்புக்குக் கணித்த நேரத்தை வைத்துக்கொண்டு இங்கே காத்திருக்காதீர்கள். உட்துறைமுக வீதியில் நின்று, நங்கூரமிட்ட கப்பலின் கொடிமரத்தைப் பாருங்கள். அக்கரைக் குன்றில் ஏதாவது ஒரு மரத்துக்கு நேராக நிற்கும். இருபது அடி நடந்துவிட்டுப் பார்த்தால் வேறொரு மரத்துக்கு நேராகியிருக்கும். நிலவும் அப்படியே. பூமியின் இரண்டு ஓரங்களில் நிற்பவர்களுக்கு அது தன் அகலத்தைப்போல் மூன்றரை மடங்குக்கு மேல் இடம் மாறித் தெரியும். அதனால்தான் ஒரு நாட்டில் மறைப்பு, மற்றொரு நாட்டில் வெறும் நெருக்கம். கொழும்புக்கும் நமக்கும் இடையிலேயே சில நிமிடங்கள் வேறுபடக்கூடும். வெள்ளி மறைய அரை நிமிடம்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

இந்த வேறுபாட்டை நாம் பயன்படுத்தலாம், அதைக் கேட்கவே இங்கு வந்தேன். குச்சவெளியில் ஒரு பாடசாலை, நகரத்தில் ஒன்று, மூதூரில் ஒன்று, வெருகலில் ஒன்று. அடுத்த மறைப்பு நம் வானத்தில் வரும்போது நான்கு இடத்திலும் பிள்ளைகள் ஒரே நேரத்தில் பார்க்கட்டும். கைத்தொலைபேசியின் கடிகாரம் வினாடி வரை சரியாக இருக்கிறது. ஒருவர் பார்க்க, மற்றவர் நேரம் எழுதட்டும். கோள் மறைந்த நேரம், வெளிவந்த நேரம், மேகம் வந்ததா, எந்த இடத்தில் நின்றோம், இவ்வளவு போதும். வடகோடிக்கும் தென்கோடிக்கும் இடையில் சில வினாடியிலிருந்து ஒரு நிமிடம் வரை வித்தியாசம் வரலாம். அந்த வினாடிகளையும் இரண்டு ஊருக்கும் இடையிலுள்ள தூரத்தையும் கொண்டு, உயர்தரக் கணிதம் படிக்கும் பிள்ளைகள் நிலவின் தூரத்தை ஓரளவுக்குத் தாங்களே கணக்கிட்டுவிடலாம்.

மறைப்பு வரும் வரை சும்மா இருக்க வேண்டாம். மாதத்துக்கு ஒருமுறை நிலவு வெள்ளிக்கு அருகே வருகிறது. சூரியனை மிக ஒட்டியிருக்கும் மாதங்களை விட்டுவிட்டு, மற்ற மாதங்களில் அந்த நாளில் பகலிலேயே வெள்ளியைக் கண்டுபிடித்துப் பழகுங்கள். எந்த நாள் என்று திருக்கணித பஞ்சாங்கமே சொல்லும். சேர விரும்பும் ஆசிரியர்கள் கூட்டம் முடிந்ததும் மேடையருகே வாருங்கள், எந்தப் பாடசாலை எந்த இடத்தில் நிற்பது என்று இன்றைக்கே பிரித்துக்கொள்வோம்.